தம்பிக்கு ஒரு வங்கிக் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். மனசுதான் சரியில்லை. சிறையில் இருப்பவர்களுக்கும் கணக்குத் தொடங்கித் தருவோம் என்று நம் வங்கி அறிவித்ததிலிருந்து தெருவே குதியாய்க் குதிக்கிறது. நேற்று அங்கே வரிசையில் நின்றேன். கறிக்கடைக்காரர், தராசில் விரலை வைத்தே வீடு கட்டியவர், திருடனும் நானும் ஒரே பேங்க்லயா, என் கணக்கை முடிச்சுக் குடுங்க என்று கத்துகிறார். மருந்துக்கடைக்காரர், இனிமே நோட்டையெல்லாம் கழுவித்தான் வாங்கணும் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வங்கியின் அறிவிப்புக்குக் கீழே நீ எழுதியதைக் கறிக்கடைக்காரர் போனில் காட்டினார். ஜெயிலில் இருப்பவனுக்குத் தட்டும் பாயும் போதும், பாஸ்புக் எதற்கு என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் உன் படம், மடியில் சின்னவள். கூடப் பொறந்தவளே சொல்லிட்டா, பொண்ணுன்னா இப்படி வளர்க்கணும் என்று எனக்குப் பாராட்டு வேறு. சீ என்று ஆகிவிட்டது.

உன் தம்பி ஒரு கடையை உடைத்துத் திருடியவன்தான், நான் பூசி மெழுகவில்லை. அவன் பேச்சையே எடுக்காதீர்கள் என்று நீ சொன்னதால் எதுவும் எழுதாமல் இருந்தேன், அது என் மடத்தனம். உள்ளே வெல்டிங் கற்றுக்கொண்டிருக்கிறான், அடுத்த மாதம் வெளியே வருகிறான். ஒரு பட்டறைக்காரர் வேலை தருகிறேன் என்றிருக்கிறார், சம்பளத்தை வங்கியில்தான் போடுவாராம். கணக்கு இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். வங்கி மேலாளரோ, எதிர்ப்பு இப்படியே போனா மேல இருக்கறவங்க நிறுத்திடுவாங்க சார் என்கிறார். போட்டதை இன்றைக்கே எடுத்துவிடு. குழந்தை படத்தையும் கண்ட இடத்தில் போடாதே.

இன்று காலை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். யாரெல்லாம்ப்பா வேண்டாங்கறாங்க என்று கேட்டான். கறிக்கடைக்காரரைச் சொன்னேன், மருந்துக்கடைக்காரரைச் சொன்னேன். அப்படின்னா அக்காவை நமக்காக ரெண்டு வார்த்தை எழுதச் சொல்லுப்பா, அவ சொன்னா எடுபடும் என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அப்பா