மூக்குத்தி மீனின் உதட்டிலிருந்து முள்ளை எடுக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்
வே. அருள்மொழி,
த/பெ. வேலப்பன்,
மேல்வளைவு, வாழவந்தி நாடு,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
கொல்லிமலை.

பொருள்: வேங்கைமரத்து மடுவிலுள்ள கெண்டை மீனின் உதட்டில் சிக்கிய என் தூண்டில் முள்ளை அகற்ற ஒரு காலைப்பொழுது அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர் மக்கள் 08.09.2025 அன்று அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்குப் பிழைதிருத்தித் தருகிறேன். ஓய்வு நேரத்தில் தூண்டில் முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி கட்டுவேன். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் கவ்வும். கவ்விய மீனை ஈரக்கையால் பிடித்து, முள்ளை எடுத்துவிட்டு, திரும்பவும் நீரில் விடுவேன். தின்னாதவள் எதற்குப் பிடிக்கிறாள் என்று கேட்டால் என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. ஆகவே இதை யாரிடமும் சொன்னதில்லை. மீனைச் சாமியாகக் கும்பிடும் கோயில் ஆற்றில் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை.

2. கடந்த 24.08.2025 காலை வேங்கைமரத்து மடுவில் நான் வீசிய பூச்சியில் இருந்தவை: அம்மாவின் பழைய பட்டுச்சேலை ஜரிகை, சிவப்பு நூல், பக்கத்து வீட்டுக் கோகிலா அக்காவின் சேவலுடைய கழுத்து இறகு இரண்டு. (சேவலுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.) முள்ளின் நுனியில் பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவது என் வழக்கம், அப்போதுதான் எளிதில் கழன்று வரும். அன்று மறந்துவிட்டேன். முழ நீளக் கெண்டை ஒன்று கவ்வி, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விட்டது. இதில் குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், அது என்னுடையது.

3. வேண்டுதல் வைத்தவர்கள் ஆடிப்பெருக்கில் கோயில் ஆற்று மீனுக்கு மூக்குத்தி குத்தி விடும் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். மூன்றாம் நாள் மடுவில் கால் கழுவப் போன திரு. செல்லமுத்து, ஜரிகை மின்னும் என் மீனைக் கண்டார். "ஏனுங்க, சாமி மீனு நம்ம மடுவுக்கே வந்திருச்சுங்க!" என்ற அவர் குரல் எங்கள் சமையலறைவரை கேட்டது. "கோயில் ஆத்துலிருந்து மலையேறியா வந்துச்சு?" என்று கேட்டவர் கோகிலா அக்கா ஒருவர்தான். "சாமி மீனுக்கு மலையெல்லாம் ஒரு படி தானுங்க" என்றார் செல்லமுத்து. விவாதம் அத்துடன் முடிந்தது.

4. இப்போது மடுவுக்குக் கமிட்டி இருக்கிறது, சுற்றிலும் கயிறு இருக்கிறது, முறைவைத்துக் காவல் இருக்கிறது. நாள்தோறும் பொரி கொட்டுகிறார்கள். பொரி தின்று கொழுத்த மற்ற மீன்கள் இனி எந்தப் பூச்சியையும் மதிக்கப்போவதில்லை. அது என் சொந்த வருத்தம். ஆனால் மூக்குத்தி மீன் பொரியை முட்டிவிட்டு விலகிப் போகிறது. "விரதமுங்க" என்கிறார்கள். அதன் உதடு வீங்கியிருக்கிறது. நாளுக்கு நாள் இளைக்கிறது.

5. அறுபத்து மூன்று பேர் ஒப்பமிட்டு, அம்மீனுக்குப் பாதுகாப்புக் கோரிய பார்வையில் கண்ட மனுவை எழுதியதும் நானே. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். "உன்ற எழுத்து முத்தாட்டம் இருக்குது, நீயே எழுதிக் குடு கண்ணு" என்று பாப்பாத்தி அத்தை தாளை நீட்டினார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்று, நான் எழுதுவதையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

6. ஆகவே, வரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் எட்டு மணிவரை காவலை விலக்கி, கைவலையும் இடுக்கியுமாக நான் மடுவில் இறங்க உத்தரவிட வேண்டுகிறேன். நீர் மாதிரி எடுக்கும் பணி என்று தாங்கள் அறிவிக்கலாம். அது பொய்யாகிவிடாமல் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவந்து தந்துவிடுவேன். ஊரார் கேட்ட 'இங்கே மீன் பிடிக்கக் கூடாது' என்ற பலகையையும் வைத்துவிடுங்கள். நானும் அதற்குக் கட்டுப்படுவேன்.

7. பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவருபவரும் கமிட்டித் தலைவரும் திரு. செல்லமுத்துவே. வியாழனன்று நானே நேரில் வருகிறேன்.

8. முள்ளை எடுத்த மறுநாளே, சாமி மீனின் மூக்குத்தி களவுபோய்விட்டதென்று தங்களுக்கு இன்னொரு மனு வரும். அதுவும் இதே கையெழுத்தில்தான் இருக்கும். வியப்பைக் காட்டிக்கொள்ளாமல் பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: மேல்வளைவு
நாள்: 22.09.2025

மீனுக்காகவும் எனக்காகவும்,
வே. அருள்மொழி