டயருக்குள் வைத்த தோல்

என் அருமை மாப்பிள்ளை ஆபிரகாமுக்கு,

நீ இருந்திருந்தால் இது உன் வேலை. டேனரி முதலாளி சாயபுவின் சிவப்பு வண்டிக்கு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் உன் செல்ல வண்டிக்கு, நாலு டயர் பார்த்து வரச் சொல்லி என்னை மதராசுக்கு அனுப்பினார்கள். நீ போன பிறகு சாவி என் கையில்தான் இருக்கிறது. ஆம்பூர் டேனரியில் தோல் சீவிக்கொண்டிருந்தவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய், சரி. டயர் வாங்கவும் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா?

அந்த அளவு இப்போது வருவதே இல்லை என்றார்கள் கடையில். வண்டி அவ்வளவு பழசு. தேடி எடுத்து ஒரு ஜோடி காட்டினார்கள். அளவு சரிதான், ஆனால் வருஷக்கணக்காய்க் கிடங்கில் கிடந்த சரக்கு, பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு. இன்னொன்று புதுச் சரக்கு, நாலும் கிடைக்கும். கொஞ்சம் பருமன். முழுக்க ஒடித்துத் திருப்பினால் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் உரசும், மட்காட்டைச் சற்று உயர்த்த வேண்டும். நீ எதை எடுத்திருப்பாய்?

ஒன்றும் வாங்காமல் வந்து சாயபுவிடம் சொன்னேன். பருமன் டயர் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வண்டியோட அழகே பூடும்பா. அந்த ஜோடிய முன்னாடி போடு. பின்னாடி இருக்கிறதுக்கு நம்ம எருமைத் தோல் வெச்சுடு. அன்னைக்கு நீ வெச்சது நல்லாத்தானே இருந்துச்சு? ஆபிரகாம் ஜாஸ்தி வேகம் போய்ட்டான், தோல் இன்னா பண்ணும்?"

நான் தலையாட்டினேன் மாப்பிள்ளை. ஒரு வருஷமாய்த் தலையாட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.

முன் டயரைக் கல் கிழித்த அன்றைக்கு, உள்பக்கமாய் எருமைத் தோல் பட்டை ஒன்றை நான்தான் வைத்தேன். நீ சந்தேகப்பட்டாய். "இன்னா மச்சான், தாங்குமா? மெட்ராஸ்ல சொல்லிப் புதுசே வாங்கிடலாமே" என்றாய்.

"ரப்பரு மரத்துப் பாலு. இது எருமைடா. ஆம்பூர்ல பொறந்துட்டு தோல நம்பலன்னா எப்பிடி?" என்று உன்னைக் கேலி செய்தேன். நீயும் சிரித்துக்கொண்டே டியூபை மாட்டினாய். இந்த ஊரில் எது பிய்ந்தாலும் ஒரு துண்டுத் தோலை வைத்துத் தைத்துவிடுவோம். அந்தத் திமிர் எனக்கு.

அடுத்த வாரம் பேரணாம்பட்டு போக வண்டியைப் பாலாற்றில் இறக்கினாய். கணுக்கால் அளவு தண்ணீர். கிழிசல் வழியாய் உள்ளே போயிருக்குமே என்று எனக்கு உறைத்தது. நனைந்த தோல் எண்ணெய் படாமல் காய்ந்தால் பலகையாய் விறைக்கும், ஓரம் கத்தியாகிவிடும். டேனரியில் இது தெரியாதவன் யார்? கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை நீ சாயபுவை ரயிலடியிலிருந்து அழைத்துவரக் காட்பாடிக்குக் கிளம்பினாய். பள்ளிகொண்டாவைத் தாண்டவில்லை.

சேதி கேட்டு ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். புளியமரத்தடியிலிருந்து உன்னைத் தூக்கி மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். எல்லோரும் உன் பின்னால் போனார்கள், நான் போகவில்லை. வெடித்த டயருக்குள் கைவிட்டுப் பட்டையை உருவினேன். அதன் ஓரம் அழுந்திய இடத்தில் டியூப் நீளமாய் அறுந்திருந்தது. பட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். உனக்கு உயிர் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். 

உனக்காக நடந்த ஜெபக் கூட்டத்தில் உபதேசியார் உன் பெயரைச் சொல்லியே பிரசங்கம் செய்தார். வேகம் ஒரு குடும்பத்தை எப்படிக் கெடுத்தது பாருங்கள் என்றார். சபை ஆமென் என்றது. என் தங்கை, உன் எஸ்தர், மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் ஆமென் சொன்னேன்.

பின் டயருக்குத் தோல் வைக்கச் சாயபு சொன்ன அன்றே பெட்டியிலிருந்து பட்டையை எடுத்துக்கொண்டு எஸ்தரிடம் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையோடு அதை வாங்கி வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை.

"எதிர்ல மாட்டுவண்டி வந்தாலே ஓரங்கட்டி நிறுத்துவாரு. நான் சொன்னா யாருண்ணே நம்புனாங்க?" என்றாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? நீ ஆமென் சொன்ன எடத்துல போய்ச் சொல்லு" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பேசச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வருஷ ஜெபம். சாயபுவையும் அழைத்திருக்கிறேன். அதே உபதேசியார், அதே சபை. இந்தக் கடிதத்தை அங்கே நானே வாசிக்கப்போகிறேன், பட்டை என் கையில் இருக்கும். அதன் பிறகு சாவி என்னிடம் இருக்குமா, தெரியாது. இருந்தால் அந்தப் பருமன் டயர் நாலையும் போட்டு, மட்காட்டை உயர்த்துவேன். பிடுங்கிக்கொண்டால், அடுத்து ஓட்ட வருபவனிடம் சொல்லிவிட்டு வருவேன். அந்த வண்டிச் சக்கரத்துக்குள் இனி ஒரு துண்டுத் தோல் போகாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கடைசி வரியை மட்டும் காகிதத்தைப் பார்க்காமல், நிமிர்ந்து சொல்வேன்: ஆபிரகாம் வேகமாய் ஓட்டவில்லை. சபையில் யார் ஆமென் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. எஸ்தர் சொல்வாள்.

எஸ்தரின் அண்ணன், உன் மச்சான்,
தேவசகாயம்