ஆறாத நுரை

1997 ஜனவரி, ஞாயிறு இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு நான்தான் ஷேவ் செய்துவிடுகிறேன். நாங்கள் இருக்கும் ஈஜிபுராவின் குளிரில் நுரை சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஜில்லென்று பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று காலை பெரிய பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, நுரைக் கிண்ணத்தை அதற்குள் வைத்தேன். கடைசிவரை சூடு குறையவில்லை.

இடது கன்னத்தில் பிரஷ்ஷை வைத்ததும், "சூடு தெரியுதுடி" என்று குழறினார்.

அந்தக் கன்னத்தில் உணர்ச்சியே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"நிஜமாவாங்க?"

கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையிலேயே தெரிந்ததா, நான் படும் பாட்டைப் பார்த்துச் சொன்னாரா? நாளைக் காலையில் அவருக்குத் தெரியாமல் அந்தக் கன்னத்தில் பச்சைத்தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்க்கலாம். வேண்டாம். நாளைக்கும் வெந்நீர்தான் வைக்கப்போகிறேன்.