ஆளுக்கு ஒரு காது

ராஜகீழ்ப்பாக்கம்
8 நவம்பர் 2025

அன்பு யூனிஸ்,

நலம்தானே? என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாதல்லவா, அதனால்தான் கடிதம்.

நம் சாமுராய் அனிமே மறுபடி ஆன்லைனில் வந்திருக்கிறது. அதில் வரும் வீரனுக்கு நீ ஊமையண்ணன் என்று பெயர் வைத்தாயே, அதேதான். ஆபீசில் நிகிலைப் பார்க்கச் சொன்னேன். "கார்ட்டூன்தானே சார், அதுல போயி என்ன இருக்கு?" என்றான். சாப்பாடு ஆறிப்போகும்வரை அவனை விடவில்லை. வாள்வீச்சு ஒரு நொடிதான். அதற்கு முன்னால் மழையையே காட்டிக்கொண்டிருப்பார்கள், நமக்கு மூச்சு முட்டும். ஜெயித்தவன் சிரிக்கக்கூட மாட்டான். டீக்கடைக்கு வந்து பேசாமல் உட்காருவான். கடைக்காரி கேட்காமலே டீ வைப்பாள். இதைவிடப் பெரிய காதல் எந்தப் படத்தில் இருக்கிறது?

கல்யாணமான புதிதில், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்க, கீழே ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குச் சத்தம் கேட்காமல், ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாகப் பார்த்தோமே. ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். நீ தூங்கும்போது நான் ஒரு எபிசோடைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மறுநாள் வாள் உருவும் இடத்தில் நான் திடுக்கிடவில்லை, அதை வைத்தே பிடித்துவிட்டாய்.

விட்டு விட்டுப் பார்த்ததில், நீ அக்கா வீட்டுக்குப் போனபோது கடைசி எபிசோடு மட்டும் பாக்கி. இன்னும் நான் அதைத் தொடவில்லை. வா, சேர்ந்து முடிப்போம்.

உன்
சீலன்


கோவிலம்பாக்கம்
19 நவம்பர் 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான சீலனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அந்த மாடி வீட்டை நினைக்காத மழையே எனக்கில்லை.

ஆனால் நீங்கள் அந்தக் கடைக்காரியைக் கவனித்ததே இல்லை. அவன் பேசாமல் உட்காரும்போதெல்லாம் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உங்களுக்கு அந்த மௌனம் வீரம். எனக்கு அது நம் சாப்பாட்டு மேஜை. நம் குழந்தை வயிற்றிலேயே கலைந்துபோன பிறகு வாரக்கணக்கில் நீங்கள் வாய் திறக்கவில்லை. "ஏதாவது பேசுங்க" என்று கெஞ்சினேன். நீங்கள் ரிமோட்டைத் தேடினீர்கள்.

இந்தக் கடிதத்தில் பாதியாவது அன்றைக்குப் பேசியிருக்கலாம்.

யூனிஸ்


ராஜகீழ்ப்பாக்கம்
28 நவம்பர் 2025

அன்பு யூனிஸ்,

பெண்ணாக இருந்தால் ஜெரூஷா என்று மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று பயந்தேன். சொல்லாமல் நானும் உடைந்துதான் போனேன்.

நீ வந்தால் போதும். இயர்போனைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சீலன்


கோவிலம்பாக்கம்
14 டிசம்பர் 2025

அன்புள்ள சீலனுக்கு,

ஜெரூஷா. நல்ல பெயர். நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

நான் போட்ட சட்டத்தை நானே மீறிவிட்டேன். கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டேன். ஊமையண்ணன் டீக்கடைக்குத் திரும்பி வருகிறான். வாசலில் நின்று வாய் ஓயாமல் பேசுகிறான். கடை பூட்டியிருக்கிறது. அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை, அவனுடைய கோப்பையைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஆரம்பப் பாட்டில் இடது பக்க இயர்போனில் மட்டும் ஒரு புல்லாங்குழல் வருகிறது. எனக்கு எப்போதும் வலது பக்கம்தானே, இத்தனை வருஷம் அது இருப்பதே தெரியவில்லை.

நிகிலிடம் நீங்கள் சொன்னது சரிதான், பார்க்க வேண்டிய தொடர். நீங்களும் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பாருங்கள், சீலன்.

யூனிஸ்