ஏழு பேருக்கு ஒரு கார்டு

மே 19, திங்கள்

இளமதிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த தாளை நீட்டுகிறாள். உதவித்தொகை வேண்டுமென்றால் ஜூலை பத்துக்குள் வருமானச் சான்று கொடுக்கணும். இல்லையென்றால் ஃபீஸ் முழுசும் நாமே கட்டணும். முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் எங்கே போய்க் கட்டுவாள்?

மே 22

வி.ஏ.ஓ. ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு பேர். என் மாமியார் காத்தாயி, நான், என் மகள், துபாயில் வேலை பார்க்கிற கொழுந்தன் ரகுநாத், அவர் பெண்டாட்டி ராஜலட்சுமி, அவர்கள் பிள்ளைகள் ரெண்டு. "துபாய் சம்பளம் வருது, வாசல்ல கார் நிக்கிது. ஒங்கள ஏழைன்னு எப்படிம்மா எழுதுறது?" என்றார்.

அந்தக் காரில் நான் ஏறினது கிடையாது, என் புருஷன் செத்து மூணு வருஷமாச்சு என்றேன். கார்டு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, அப்ப குடும்பமும் ஒண்ணுதானாம். தனி கார்டுக்கு மனுப் போடுங்க, தனியாகத்தான் சமைக்கிறீர்களா என்று தாலுகா ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்றார். நல்ல மனுஷன்தான். அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

மே 23

டிவியில் சொல்கிறார்கள், நம் மாநிலத்தில் நூறு பேரில் ரெண்டு பேர்கூட ஏழை இல்லையாம். ராஜலட்சுமி சோபாவில் சாய்ந்துகொண்டு தலையாட்டினாள். நான் வாசப்படியோரம் நின்று கேட்டேன். அந்தக் கணக்கில் என்னை எங்கே வைத்தார்களோ.

மே 27

தனி கார்டு வேணும், அதுக்குத் தனி அடுப்பு வைக்கணும் என்று இன்று வீட்டில் கேட்டேவிட்டேன். நேற்றே கேட்டிருக்கணும்.

ராஜலட்சுமி கத்தவில்லை. சிரித்தாள். இன்னிக்கி அடுப்புப் பிரியும், நாளைக்கு வீட்டில் பங்கு கேப்பீங்க, அதானே அக்கா என்றாள். அத்தை வெற்றிலையை மடித்தபடி ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "நான் உசுரோட இருக்குறவரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு அடுப்பு எரியாது."

பங்காம் பங்கு! எம்புள்ள படிக்கணும்னு கேக்குறேன், என்னமோ கிணத்தத் தூக்கிட்டுப் போற மாதிரி.

மே 28

மனுப் போட்டாச்சு.

ஜூன் 9

ஆட்டுக் கொட்டகையில் மூணு செங்கல் வைத்து அடுப்புப் போட்டேன். யாரும் வந்து பால் காய்ச்சவில்லை, உப்பு எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் இளமதியும் ரசம் சாதம். அத்தை என்னோடு பேசி இன்றோடு பதிமூணு நாள்.

ஜூன் 13

அங்கிட்டு கறி கொதிக்கிற வாசம். இளமதி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கிடுகிடுவென்று சாப்பிட்டு எழுந்துவிட்டாள். தப்புப் பண்ணிட்டேனா?

ஜூன் 19

என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

ஆபீசர் வருகிறாரே என்று விடியக்காலையில் எழுந்து கொட்டகையைக் கூட்டி, அடுப்பைச் சாணி போட்டு மெழுகி, கோலமும் போட்டு வைத்தேன். கரிப்பிடித்த பானையைக்கூடத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்துவிட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் வேறெப்படி வைப்பது? அவர் குனிந்து செங்கல்லை விரலால் தடவினார். விரலில் கரி ஒட்டவில்லை. இதில் சமைத்த மாதிரியே இல்லையே, கார்டுக்காக வைத்த அடுப்பா என்றார். பத்து நாளாக் கண்ணு எரிய ஊதினவ நான். தெருவே வேலியோரம் நிக்கிது. ராஜலட்சுமி ஜன்னல்ல நிக்கிறா. அவர் பேனாவை மூடிட்டார்.

அப்போது அத்தை எழுந்து வந்தார்கள். போச்சு, குடி கெட்டுது என்று நினைத்தேன்.

"எம் மவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கே இவளத் தள்ளி வச்சாச்சு. எங்க கூட ஒக்காந்து இவ ஒரு வேளை சாப்பிட்டதில்ல. எழுதிக்கங்க."

அவர் எழுதிக்கொண்டார். ராஜலட்சுமி ஜன்னலைச் சாத்தினாள்.

ஜூன் 20

எனக்காக இப்படி ஒரு பொய்யா என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டை உடைக்கும்போதுதான் உறைத்தது. அது பொய்யா? மூணு வருஷமாக எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைப் பின்கட்டில் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். குழம்பு இருந்தால் குழம்பு, இல்லாவிட்டால் மோர். அவசரம், வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாத்துக்கிட்டேதான இருந்தீங்க அத்தே? ஒரு நாளாச்சும் ஒக்காருடின்னு சொல்லிருக்கலாம்ல?

ஜூலை 8

கார்டு இன்னும் வரவில்லை, ஆபீசர் எழுதினதை வைத்தே சான்று கிடைத்தது. இளமதி காலேஜில் கொடுத்துவிட்டு வந்தாள். ரெண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கார்டு வந்துவிட்டது. குடும்பத் தலைவி ரஞ்சிதா. உறுப்பினர் இளமதி. அவ்வளவுதான்.

மத்தியானம் அத்தை கொட்டகைக்கு வந்தார்கள். இத்தனை நாளில் முதல் தடவை. ஜன்னல் சாத்தின அன்றிலிருந்து அங்கிட்டு அவர்களுக்கும் சோறு பின்கட்டில்தான், எனக்குத் தெரியும். கார்டை வாங்கிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாது.

"இதுல எம்பேரு இருக்கா?"

இல்லை என்றேன்.

"சேத்துக்கலாமா?"

கோபம் போகவில்லை. சீக்கிரம் போகாது. தட்டைக் கழுவி எடுத்து, உட்காருங்க என்றேன். கருவாட்டுக் குழம்பு. அத்தைக்குப் போட்டேன், இளமதிக்குப் போட்டேன், எனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.