டைவல்ஜ் என்று நீ எழுதியது

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ஹம்சினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். சௌபாக்கியவதி என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது, அடிக்க மனசு வரவில்லை. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீ குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க கபாலியை வேண்டிக்கொள்கிறேன்.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. வாக்கிங் வந்தவன் மாதிரி நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசலாமென்றால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடுங்கோ என்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பதில் போடும் நேரம் போன் அவள் கையில் இருக்கும். நீ மாப்பிள்ளை பரத்வாஜை விட்டுத் தனி வீடு பார்த்துப் போய்விட்டதாக அனுப்பினாயே, அன்று அவள் கோவிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தேன், படித்த கையோடு அழித்தேன். அம்மாவிடம் நேரில் வந்து நானே சொல்கிறேன், அதுவரை யாரிடமும் டைவல்ஜ் பண்ணாதே அப்பா என்று எழுதியிருந்தாய். ஆனியில் வருகிறேன் என்றாய், ஆவணி என்றாய், இப்போது நவராத்திரியே முடிந்துவிட்டது. நான் பொறியில் அகப்பட்ட எலி மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

குறுக்கெழுத்துப் பைத்தியமாயிற்றே நான், அந்த வார்த்தையைச் சும்மா விடுவேனா? அகராதியில் பார்த்தேன். லத்தீனில் வல்கஸ் என்றால் ஜனக்கூட்டமாம், வல்கர் என்கிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததுதானாம். ஆதியில் டைவல்ஜ் என்றால் ஊர் ஜனத்துக்கு நடுவே பரப்புவது, பகிரங்கப்படுத்துவது, அவ்வளவுதான். ரகசியத்தை வெளியிடுவது என்ற அர்த்தம் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் போட்டு உடைத்துவிட்டான் என்கிறோம், பானையை நினைக்கிறோம். அவர்கள் கூட்டத்தை நினைத்திருக்கிறார்கள். அம்மா கூட்டமில்லையே, ஒருத்திதானே, அவளிடம் சொன்னால் இந்த வார்த்தைக்குள் வராதே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். நீ நினைத்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். சரஸ்வதி பூஜையன்று கொலுவுக்கு ஆதம்பாக்கத்திலிருந்து உன் மாமியார் வந்திருந்தார். கே.கே. நகர் சித்தி, மாடியாத்து சரோஜாதேவி என்று கூடம் நிறையப் பெண்கள். அம்மா உன் மாமியாருக்கு வெற்றிலை பாக்கோடு, பாண்டி பஜாரில் அலைந்து வாங்கிய மயில்கண் வேஷ்டியையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். மாப்பிள்ளைக்குத் தீபாவளிக்கு, யாராவது போனால் கொடுத்தனுப்புங்கோ, ஹம்சினிக்கு இதெல்லாம் பார்த்து வாங்கத் தெரியாது என்று சிரித்தாள். சித்தி கொலுப்படியைப் பார்த்தாள், சரோஜாதேவி புடவைத் தலைப்பைத் திருகினாள். உன் மாமியார் வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக, “மாமா, உங்காத்து சூடாமணிக்கு இன்னும் சொல்லலையா? பரத்வாஜ் எல்லாருக்கும் சொல்லிட்டான். தெரியாதவா யாருமே இல்லை” என்றார்.

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, ஆனாலும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது ஹம்சி. அந்தக் கூட்டத்தில் தெரியாதவள் உன் அம்மா ஒருத்திதான். அவள் மனசு நோகக்கூடாதென்று நீயும் நானும் மறைத்தது, அவளை நாலு பேர் முன்னால் அசடாக நிற்கவைத்துவிட்டது. நீ தனியே போனதில் உன்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபமில்லை, உனக்குத் தாங்காமல்தான் போயிருப்பாய். அம்மா அப்படி நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தீபாவளிக்கு உன் மாமியார் வீட்டுக்கே பட்சணத்தோடு போகப்போகிறாளாம். என்ன சொல்லித் தடுப்பேன்?

வாக்குக் கொடுத்துவிட்டேன், நானாகச் சொல்லமாட்டேன். தீபாவளிக்குள் நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு, நேரில் வரக் காத்திருக்காதே. அழுவாள், திட்டுவாள், மறுநாள் உனக்குப் பருப்புப்பொடி அனுப்ப ஆரம்பிப்பாள். எனக்கு எப்போதிருந்து தெரியும் என்று அவள் கேட்டால் உள்ளதைச் சொல். என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ, அது என் பாடு.

பகவான் உன்னைக் காப்பாற்றட்டும். ராத்திரி கதவைச் சரியாகத் தாழ் போட்டுக்கொண்டு படு. தீபாவளி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா சுவாமிநாதன்

பி.கு.: கடிதத்தின் அடியில் அம்மா எப்போதும் உனக்கு நாலு வரி எழுதுவாள். இந்தத் தடவை அந்த இடம் காலியாகவே வருகிறது.