மெயினை இறக்கிய பிறகும் நின்ற வெளிச்சம்

மதினி,

அன்றைக்கு அந்த இருட்டறையில் ஐந்து பேர் இருந்தோம். பிரின்சிபால் அம்மா, ஆபீஸ் சூப்பரின்டெண்ட் தேவசகாயம் சார், கலாவதி டீச்சர், லேப் அட்டெண்டரான நீங்கள், விளக்குமாறும் கையுமாக நான்.

இப்போது கரண்ட் போனதும் டியூப்லைட் செத்த நேரம் மங்கலாக நின்றது. பேத்தி மெழுகுவர்த்தி தேடப் போனாள். நான் அந்த முகங்களை எண்ணினேன். டியூப்லைட்டில் நிற்பது பூசின பொடியின் வெளிச்சம், நம் லேப் குழாயில் நிற்பது வேறு என்று நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை.

ராஜபாளையம் கல்லூரியில் உங்கள் வேலையை நிரந்தரமாக்க இருந்த மாதம். கண்ணாடிக் குழாயிலிருந்து பம்பால் காற்றை இறைத்து எடுத்து, நைட்ரஜனைத் துளி விட்டுக் கரண்ட் கொடுப்பீர்கள். அணைத்த பிறகும் மஞ்சள் வெளிச்சம் நிற்கும். நீங்கள் அணைத்துத் திரும்பிய நேரம் எட்டிப் பார்த்த சார், சுவிட்சை அணைக்காமல் போகிறவள், வேலைக்கு ஆகாது என்று எழுதிவிட்டார்.

அந்த வெளிச்சத்தைப் பாடமாக நடத்தியதே கலாவதிதான். கரண்டில் பிரிந்த அணுக்கள் மறுபடி கூடும்போது ஒளிருமாம். சில அணுக்கள் சக்தியில் மேலே ஏறிவிட்டு இறங்க வழியில்லாமல் நிற்குமாம். எதிலாவது மோதினால்தான் இறங்குமாம். கூட்டிக்கொண்டே கேட்டேன். நீங்கள் என் காதில், "ஒன்னப் போலதாட்டி. ஏறுன கோவம் எறங்காது" என்றீர்கள்.

இருட்டறையில் நடந்த விசாரணையில் பிரின்சிபால் அம்மா, இப்படி வெளிச்சம் நிற்பது உண்டா என்று கலாவதியைக் கேட்டார். அவளுடைய பிரசவ லீவு மனு கையெழுத்துக்காக சாரின் மேசையில் கிடந்தது.

"நான் கவனிச்சதில்ல மேடம்."

நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. குழாயை எரியவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "ஏட்டி, மெயின எறக்கு."

கதவோரம் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தேன். ஃபேன் நின்றது, பம்பு நின்றது. மஞ்சள் வெளிச்சம் மட்டும் அணையாமல் நின்றது. மூன்று மூச்சு விட்டிருப்பேன்.

"இப்ப சுவிட்ச் போட்டது யாரு சார்?" என்றார் பிரின்சிபால் அம்மா.

அந்த மாதமே உங்களை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. பிள்ளை பிறந்ததும் பால்புட்டியும் சட்டையும் வாங்கி, மடவார் வளாகத்தில் கலாவதி வீட்டுக்கு நீங்களே பஸ் ஏறினீர்கள். "பிள்ளைத்தாச்சியா இருந்தா, பயந்துட்டா. விடுட்டி" என்றீர்கள். நான் அந்த வழியில் மம்சாபுரத்தைக்கூடத் தாண்டவில்லை.

சாரை என்றோ விட்டுவிட்டேன். அவர் தெரியாமல் எழுதினார். மோதி என்னை இறக்க நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள், நீங்களும் போய்விட்டீர்கள். தெரிந்தே வாயை மூடியவளை நான் மன்னிக்கப் போவதில்லை.

கலாவதியை.